மிதக்கும் புள்ளிச் சார்புகளில் வழுவைக் கண்டறிதலும் திருத்தலும்

(தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் – உயர்தர மாணவர்களுக்கான துணைப்பாடம்)

இப்பாடத்தைக் கற்ற பின்னர் நீங்கள்,
• மிதக்கும் புள்ளி எண்கள் கணினியில் சேமிக்கப்படும் முறையை விளக்கவும்,
• மட்டந்தட்டல் எந்தப் படியில் நிகழ்கின்றது என்பதை இனங்காணவும்,
• கணித நூலகச் சார்பொன்றிலுள்ள வழுவைக் கையாற் கணித்துக் காட்டவும்,
• ஒரு திருத்தம் முழுமையானதா, அரைகுறையானதா எனத் தீர்மானிக்கவும்
ஆற்றல் பெறுவீர்கள்.

அறிமுகம்

செய்நிரல் எழுதும் ஒருவர் வர்க்கமூலம், சைன், மடக்கை, மட்டந்தட்டல் போன்ற சார்புகளைத் தாமே எழுதுவதில்லை. மொழியுடன் வழங்கப்படும் கணித நூலகத்திலிருந்து அவற்றை அழைத்துப் பயன்படுத்துகின்றார். அச்சார்புகள் தரும் விடையைப் பெரும்பாலும் எவரும் சோதித்துப் பார்ப்பதில்லை. ஆகவே நூலகத்தில் உள்ள ஒரு சிறு வழு, அதைப் பயன்படுத்தும் எல்லாச் செய்நிரல்களுக்கும் பரவிவிடுகின்றது.

இவ்வகை வழுக்கள் இலகுவில் வெளிப்படுவதில்லை. கோடிக்கணக்கான எண்களுக்குச் சரியான விடை கிடைக்கும். ஏதோ ஓர் எண்ணுக்கு மட்டும் பிழையான விடை கிடைக்கும். அந்த ஓர் எண்ணைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதற்குக் காரணமான படியைக் கண்டுபிடிப்பது வேறு வேலை. இவ்விரண்டும் ஒன்றெனக் கருதுவதாலேயே பல திருத்தங்கள் அரைகுறையாக முடிகின்றன. ஜாவா மொழியின் கணித நூலகத்தில் உள்ள றவுண்ட் எனும் மட்டந்தட்டற் சார்பு இதற்குச் சிறந்த உதாரணமாகும். அது இரண்டு தடவை திருத்தப்பட வேண்டியிருந்தது.

1. மிதக்கும் புள்ளி எண் சேமிக்கப்படும் முறை

விஞ்ஞானமுறைக் குறிப்பீட்டில் 4500 என்பதை 4.5 × 10³ என எழுதுவோம். கணினி இதையே இரண்டாம் அடியில் செய்கின்றது.

உதாரணம்: 9 = (1001)₂ = (1.001)₂ × 2³

1985 இல் வெளியிடப்பட்டு, 2008 இலும் 2019 இலும் மீளாய்வு செய்யப்பட்ட ஐ.ஈ.ஈ.ஈ. 754 நியமத்தின்படி 64 பிற்று வடிவம் பின்வருமாறு பிரிக்கப்படும்.

குறிப் பிற்று – 1
சுட்டிப் பகுதி – 11 பிற்றுகள்
பின்னப் பகுதி – 52 பிற்றுகள்

சுட்டியுடன் 1023 கூட்டிச் சேமிக்கப்படும். எனவே 9 இன் சுட்டியாகிய 3 ஆனது 1026 எனச் சேமிக்கப்படும். சாதாரண எண்களில் புள்ளிக்கு முன்னுள்ள 1 எப்போதும் இருப்பதால் அது சேமிக்கப்படுவதில்லை. அந்த மறைந்த 1 ஐயும் சேர்த்தால் பொருளுண்டான பிற்றுகள் 53 ஆகும்.

கவனிக்க: பிற்றுகளின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டது. ஆனால் மெய்யெண்கள் முடிவிலி. ஆகவே பெரும்பாலான மெய்யெண்களைக் கணினி அவ்வாறே சேமிக்க முடியாது. அண்மையில் உள்ள எண்ணையே சேமிக்கின்றது. தசமத்தில் 0.1 என இலகுவாக எழுதப்படும் எண், துவிதத்தில் 0.000110011001100... என முடிவின்றித் தொடரும்.

2. இடைவெளியும் மட்டந்தட்டலும்

சேமிக்கக்கூடிய இரு அடுத்துள்ள எண்களுக்கு இடையிலான தூரத்தை இடைவெளி என்போம். இவ்விடைவெளி எங்கும் ஒரேயளவாக இருப்பதில்லை. எண் பெரிதாகும்போது இடைவெளியும் பெரிதாகின்றது. 2 இன் ஒவ்வோர் அடுக்கையும் தாண்டும்போது அது இரு மடங்காகின்றது.

ஒரு கூட்டலின் உண்மையான விடை, சேமிக்கக்கூடிய இரு எண்களுக்கு இடையில் விழுந்தால் பின்வரும் விதிகள் பின்பற்றப்படும்.

விதி 1: இரண்டில் அண்மையில் உள்ள எண் தெரிவு செய்யப்படும்.
விதி 2: விடை சரிநடுவில் விழுந்தால், கடைசிப் பொருளுண்டான பிற்று 0 ஆக உள்ள எண் தெரிவு செய்யப்படும்.

இரண்டாவது விதி நன்கு மனதில் இருத்தப்பட வேண்டியது. இப்பாடத்திலுள்ள வழு முழுவதும் அவ்விதியின் வாயிலாகவே தோன்றுகின்றது. விதி பிழையானதன்று. அதை மறந்து எழுதப்பட்ட சூத்திரமே பிழையானது.

3. நான்கு பிற்றுப் பொறி

53 பிற்றுகளைக் கொண்டு கையாற் கணிப்பது சிரமமானது. ஆகவே நான்கு பொருளுண்டான பிற்றுகளை மட்டும் கொண்ட ஒரு கற்பனைப் பொறியை எடுத்துக்கொள்வோம். மேற்கூறிய விதிகள் யாவும் இதற்கும் பொருந்தும். இப்பொறியில் இடைவெளிகள் பின்வருமாறு அமையும்.

1/4 முதல் 1/2 வரை – இடைவெளி 1/32
1/2 முதல் 1 வரை – இடைவெளி 1/16
1 முதல் 2 வரை – இடைவெளி 1/8
2 முதல் 4 வரை – இடைவெளி 1/4
4 முதல் 8 வரை – இடைவெளி 1/2
8 முதல் 16 வரை – இடைவெளி 1

அதாவது இப்பொறியில் 8 இற்கு அடுத்த எண் 9 ஆகும். 8.5 எனும் எண்ணை இப்பொறியில் சேமிக்க முடியாது. அவ்வாறே 1/2 இற்குச் சற்றுக் கீழே உள்ள மிகப் பெரிய எண் (0.01111)₂ ஆகும். இதன் தசமப் பெறுமானம் 15/32, அதாவது 0.46875.

4. வழுவுள்ள சூத்திரம்

ஓர் எண்ணை அதற்கு அண்மையிலுள்ள முழுவெண்ணுக்கு மட்டந்தட்ட நாம் அனைவரும் அறிந்த சூத்திரம் பின்வருமாறு.

விடை = புளோர் (அ + 0.5)

இங்கு அ என்பது தரப்பட்ட எண். புளோர் என்பது தரப்பட்ட எண்ணை விஞ்சாத மிகப் பெரிய முழுவெண்ணைத் தரும் சார்பு. 2.3 எனின் 2.8 ஆகி விடை 2 ஆகும். 2.7 எனின் 3.2 ஆகி விடை 3 ஆகும். 2.5 எனின் 3 ஆகி விடை 3 ஆகும். கணிதத்தில் இச்சூத்திரத்தில் எக்குறையும் இல்லை. 2006 டிசெம்பரில் வெளியான ஜாவா 6 இன் விளக்கக் குறிப்பிலும் றவுண்ட் சார்பின் வரைவிலக்கணமாக இச்சூத்திரமே தரப்பட்டிருந்தது.

இனி இதை நான்கு பிற்றுப் பொறியில் செய்து பார்ப்போம்.

உதாரணம் 1: அ = (0.01111)₂ = 0.46875

இது 0.5 இலும் சிறிது. எனவே சரியான விடை 0 ஆக வேண்டும்.

படி 1: 0.01111 + 0.10000 = 0.11111
படி 2: இவ்விடையில் ஐந்து பொருளுண்டான பிற்றுகள் உள்ளன. பொறி நான்கை மட்டுமே ஏற்கும்.
படி 3: இவ்விடை 0.1111, 1.000 ஆகிய இரு எண்களுக்கும் சரிநடுவில் விழுகின்றது.
படி 4: விதி 2 இன்படி கடைசிப் பிற்று 0 ஆகவுள்ள 1.000 தெரிவு செய்யப்படும்.
படி 5: புளோர் (1.000) = 1

விடை 1 எனப் பெறப்படுகின்றது. இது பிழையாகும்.

உதாரணம் 2: அ = (1001)₂ = 9

இது ஏற்கனவே முழுவெண். எனவே சரியான விடை 9 ஆக வேண்டும்.

படி 1: 1001 + 0.1 = 1001.1
படி 2: ஐந்து பிற்றுகள் உள்ளன. மட்டந்தட்ட வேண்டும்.
படி 3: 1001, 1010 ஆகிய இரண்டுக்கும் சரிநடுவில் விழுகின்றது.
படி 4: விதி 2 இன்படி 1010 தெரிவு செய்யப்படும்.
படி 5: புளோர் (1010) = 1010 = 10

ஒரு முழுவெண்ணை முழுவெண்ணாக்கும்படி கேட்டபோது வேறொரு முழுவெண் விடையாகக் கிடைத்துள்ளது. இவ்வாறே 11 ஆனது 12 ஆகவும், 13 ஆனது 14 ஆகவும், 15 ஆனது 16 ஆகவும் மாறும். 8, 10, 12, 14 ஆகியவற்றுக்கு வழு தோன்றாது. ஏனெனில் அவற்றின் கடைசிப் பிற்று ஏற்கனவே 0 ஆகும்.

இப்பொறியிலுள்ள நேர் எண்கள் அனைத்தையும் சோதித்தால் 0.46875, 9, 11, 13, 15 ஆகிய ஐந்து எண்களுக்கு மட்டுமே வழு தோன்றும். ஐந்துக்கும் காரணம் ஒன்றே. 0.5 ஐக் கூட்டியபோது ஒரு மேலதிக பிற்று தேவைப்பட்டது; புளோர் சார்பு வேலை செய்வதற்கு முன்னரே பொறி ஒரு தடவை மட்டந்தட்டிவிட்டது. அதாவது மட்டந்தட்டல் ஒரு தடவைக்குப் பதிலாக இரு தடவை நிகழ்ந்துள்ளது.

5. 64 பிற்று வடிவத்தில் இதே வழு

53 பொருளுண்டான பிற்றுகள் உள்ளபோது நிலைமை இதுவே. எண்கள் மட்டுமே வேறு.

(அ) 0.5 இற்குச் சற்றுக் கீழுள்ள மிகப் பெரிய எண் 1/2 − 2⁻⁵⁴ ஆகும். தசமத்தில் இது 0.49999999999999994 எனக் காட்டப்படும். இதனுடன் 0.5 ஐக் கூட்டினால் 1 − 2⁻⁵⁴ பெறப்படும். 1 இற்குக் கீழே இடைவெளி 2⁻⁵³ ஆதலால் இது சரிநடுவில் விழுந்து 1 ஆகின்றது. ஜாவா 6 இல் இவ்வெண்ணை மட்டந்தட்டியபோது 0 இற்குப் பதிலாக 1 பெறப்பட்டது.

(ஆ) 2⁵² இற்கும் 2⁵³ இற்கும் இடையில் இடைவெளி 1 ஆகும். எனவே அங்குள்ள ஒவ்வோர் ஒற்றை எண்ணுக்கும் வழு தோன்றும். உதாரணமாக 4503599627370497 தரப்பட்டால் 4503599627370498 விடையாகக் கிடைக்கும்.

6. முதலாவது திருத்தம்

(அ) இல் கூறப்பட்ட வழு முதலில் அறிக்கையிடப்பட்டது. 2011 இல் வெளியான ஜாவா 7 இல் அது திருத்தப்பட்டது. விளக்கக் குறிப்பிலிருந்து பழைய சூத்திரம் நீக்கப்பட்டு, அண்மையிலுள்ள முழுவெண்ணைத் தரும் எனவும், சரிநடுவில் உள்ளவை மேல்நோக்கி மட்டந்தட்டப்படும் எனவும் வரைவிலக்கணம் மாற்றி எழுதப்பட்டது. இது நல்ல மாற்றமாகும்.

ஆனால் செய்நிரலில் செய்யப்பட்ட மாற்றத்தின் சாரம் பின்வருமாறு.

தரப்பட்ட எண் 0.49999999999999994 எனின் 0 ஐ விடையாகத் தருக.
இல்லாவிடின் முன்போலவே புளோர் (அ + 0.5) ஐத் தருக.

அறிக்கையிடப்பட்ட எண்ணுக்கு இப்போது சரியான விடை கிடைக்கும். அவ்வெண்ணை மட்டும் சோதிக்கும் சோதனையில் இத்திருத்தம் சித்தியடையும். ஆயினும் வழுவுக்குக் காரணமான கூட்டல் அவ்வாறே இருக்கின்றது. நான்கு பிற்றுப் பொறியில் இத்திருத்தத்தைச் செய்தால் ஐந்து எண்களில் ஒன்று மட்டுமே சரியாகும். 64 பிற்று வடிவத்தில் நேர் எண்களை மட்டும் எடுத்தாலும் 2⁵¹ ஒற்றை எண்களுக்கு வழு எஞ்சியிருந்தது.

இங்கு மாணவர்கள் விளங்கிக்கொள்ள வேண்டியது யாதெனின், வழு வெளிப்பட்ட எண் நோயின் அறிகுறி மட்டுமே. அறிகுறியை மறைப்பதால் நோய் நீங்குவதில்லை.

7. இரண்டாவது திருத்தம்

பெரிய ஒற்றை எண்கள் பற்றிய வழுவும் பின்னர் அறிக்கையிடப்பட்டது. 2014 மார்ச்சில் வெளியான ஜாவா 8 இல் சார்பு புதிதாக எழுதப்பட்டது. இம்முறை 0.5 ஐக் கூட்டும் படியே அகற்றப்பட்டது. எண்ணின் பிற்றுகள் நேரடியாக எடுக்கப்பட்டு முழுவெண் எண்கணிதத்தால் கையாளப்பட்டன. அதன் படிமுறை வருமாறு.

படி 1: புள்ளிக்குப் பின் பிற்றுகள் வரமுடியாத அளவுக்கு எண் பெரிதாயின் அதை அவ்வாறே விடையாகத் தருக.
படி 2: அல்லாவிடின் புள்ளிக்குப் பின் ஒரு பிற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை விலக்குக.
படி 3: பெறப்படும் பிற்றுகளை ஒரு முழுவெண்ணாகக் கருதி 1 ஐக் கூட்டுக.
படி 4: கடைசிப் பிற்றை விலக்குக.

உதாரணம் 3: 2.5 = (10.10)₂
ஒரு பிற்றை வைத்துக்கொண்டால் 101. ஒன்றைக் கூட்ட 110. கடைசிப் பிற்றை விலக்க 11. விடை 3. சரி.

உதாரணம் 4: 0.46875 = (0.01111)₂
ஒரு பிற்றை வைத்துக்கொண்டால் 0. ஒன்றைக் கூட்ட 1. கடைசிப் பிற்றை விலக்க 0. விடை 0. சரி.

உதாரணம் 5: நான்கு பிற்றுப் பொறியில் 9 = (1001)₂
புள்ளிக்குப் பின் பிற்றுகள் வர இடமில்லை. விடை 9. சரி.

முழுவெண் கூட்டலில் மட்டந்தட்டல் இல்லை. எனவே இரண்டாவது தடவை மட்டந்தட்டல் நிகழ வாய்ப்பே இல்லை. எந்த எண்ணும் பெயர் சொல்லி விலக்கப்படவில்லை என்பதையும் கவனிக்க.

பிற்றுகளைத் தொடாமலும் இதைச் செய்யலாம். நேர் எண்களுக்கு உரிய கழித்தல் முறை பின்வருமாறு.

மு = புளோர் (அ)
மீ = அ − மு
மீ ஆனது 0.5 அல்லது அதற்கு மேல் எனின் விடை மு + 1. இல்லாவிடின் விடை மு.

இங்கு மீ என்பது அ இல் புள்ளிக்குப் பின்னுள்ள பிற்றுகளே. புதிய பிற்று எதுவும் தேவைப்படுவதில்லை. ஆகவே கழித்தல் திருத்தமாக நிகழும். அதே எண்களைக் கொண்டு, செய்யும் வரிசையை மாற்றியதாலேயே வழு நீங்கியுள்ளது.

8. அரைகுறைத் திருத்தத்தின் விலை

மட்டந்தட்டல் வழு பரீட்சைத் தாளில் மட்டும் காணப்படுவதன்று. 1991 பெப்ரவரி 25 ஆம் திகதி, வளைகுடாப் போரின்போது, சவூதி அரேபியாவின் தஹ்ரானில் இருந்த பேட்ரியட் ஏவுகணை எதிர்ப்புத் தொகுதி ஈராக்கிய ஸ்கட் ஏவுகணை ஒன்றைப் பின்தொடரத் தவறியது. அவ்வேவுகணை அமெரிக்க இராணுவத் தங்குமிடத்தில் வீழ்ந்ததில் 28 படையினர் உயிரிழந்தனர்.

இத்தொகுதியின் கடிகாரம் நேரத்தைப் பத்திலொரு செக்கன்களாக எண்ணியது. அதைச் செக்கனாக்க 0.1 ஆற் பெருக்க வேண்டும். 0.1 இன் துவித வடிவம் முடிவற்றது என மேலே கண்டோம். இங்கு அது 24 பிற்றுப் பதிவகத்தில் வெட்டிச் சேமிக்கப்பட்டது. (இது மிதக்கும் புள்ளி அன்று, நிலைத்த புள்ளி வடிவம். ஆயினும் வழுவின் மூலம் ஒன்றே.) வெட்டியதால் ஏற்பட்ட வழு ஏறத்தாழ 0.000000095 ஆகும். தொகுதி அப்போது ஏறத்தாழ 100 மணித்தியாலங்கள் தொடர்ந்து இயங்கியிருந்தது.

100 × 60 × 60 × 10 = 3 600 000
3 600 000 × 0.000000095 = 0.342 செக்கன்

இந்நேரத்துள் ஸ்கட் ஏவுகணை அரைக் கிலோமீற்றருக்கும் கூடிய தூரத்தைக் கடந்துவிடும். எனவே தொகுதி தவறான இடத்தில் அதைத் தேடியது.

நேரத்தைக் கூடிய செம்மையுடன் மாற்றுவதற்கான துணைச் செய்நிரல் ஒன்று அத்தொகுதியில் ஏற்கனவே சேர்க்கப்பட்டிருந்தது. ஆனால் அது தேவையான எல்லா இடங்களிலும் சேர்க்கப்படவில்லை. இதனைக் கணிதவியலாளர் ரொபேட் ஸ்கீல் 1992 இல் எடுத்துக்காட்டினார். கழிக்கப்படும் இரு நேரங்களிலும் ஏறத்தாழ ஒரே வழு இருந்திருப்பின், கழிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கியிருக்கும். ஒன்றைத் திருத்தி மற்றதை விட்டதால் வழு முழுமையாக எஞ்சியது. திருத்தப்பட்ட மென்பொருள் தஹ்ரானை வந்தடைந்தது பெப்ரவரி 26 ஆம் திகதி, அதாவது மறுநாளாகும்.

9. வழுவென்று தவறாகக் கருதப்படுபவை

எதிர்பாராத விடை யாவும் வழுவாகா. திருத்த முற்படுமுன் பின்வரும் மூன்றையும் வேறுபடுத்தி அறிக.

(அ) வரைவிலக்கணம் வேறாக இருத்தல்: பைதன் 3 இல் 2.5 ஐ மட்டந்தட்டினால் 2 கிடைக்கும். சரிநடுவில் உள்ள எண்கள் இரட்டை முழுவெண்ணுக்கு மட்டந்தட்டப்படும் என்பது அம்மொழியின் விதி. இது வழுவன்று.

(ஆ) தரவு ஏற்கனவே மட்டந்தட்டப்பட்டிருத்தல்: பைதனில் 2.675 ஐ இரு தசமதானங்களுக்கு மட்டந்தட்டினால் 2.67 கிடைக்கும். 2.675 எனத் தட்டச்சுச் செய்தபோதே அதனிலும் சற்றுச் சிறிய எண் ஒன்று சேமிக்கப்பட்டமையே காரணம். சார்பு தனக்குத் தரப்பட்ட எண்ணுக்குச் சரியான விடையையே தந்துள்ளது. 0.1 + 0.2 இன் விடை 0.3 இற்குச் சமனாகாமையும் இவ்வகையினதே.

(இ) உண்மையான வழு: சார்புக்குத் தரப்பட்ட எண் திருத்தமானது, வரைவிலக்கணம் தெளிவானது, ஆயினும் விடை வரைவிலக்கணத்துக்கு முரணானது. ஜாவா 7 இல் 4503599627370497 இற்குப் பெறப்பட்ட விடை இவ்வகையினது.

10. வழு திருத்தும் படிமுறை

1. சார்பின் வரைவிலக்கணத்தைச் சூத்திரமாக அன்றி, வேண்டிய விடையைக் கூறும் வசனமாக எழுதுக.
2. வழு தோன்றும் எண்ணைத் துவிதத்தில் எழுதுக. தசமத்தில் பார்த்தால் காரணம் புலப்படாது.
3. ஒவ்வொரு படியிலும் மேலதிக பிற்று தேவைப்படுகின்றதா எனப் பார்க்க. தேவைப்படும் முதற்படியே சந்தேகத்துக்குரியது.
4. அதே படியால் வேறு எவ்வெண்கள் பாதிக்கப்படும் எனத் தேடுக.
5. அப்படியை அகற்றுக, அல்லது திருத்தமாக நிகழக்கூடிய படியாக மாற்றுக.
6. எல்லைப் பெறுமானங்களைச் சோதிக்க: 0, 0.5, அதற்கு இருபுறமும் அடுத்துள்ள எண்கள், 1, 2⁵² இற்கு அண்மையிலுள்ள ஒற்றை, இரட்டை எண்கள், மறை எண்கள், முடிவிலி.
7. இயலுமாயின் எல்லா எண்களையும் சோதிக்க. 32 பிற்று வடிவத்தில் உள்ள 4294967296 சேர்மானங்களையும் சாதாரண கணினி ஒன்றே சோதித்து முடிக்கும். 64 பிற்று வடிவத்தில் இது நடைமுறையில் இயலாது. அங்கு நிறுவலே துணை.

மீட்டற் குறிப்பு

• எண் பெரிதாக, இடைவெளியும் பெரிதாகும்.
• சரிநடுவில் விழும் விடை, கடைசிப் பிற்று 0 ஆகவுள்ள எண்ணுக்கு மட்டந்தட்டப்படும்.
• கணிதத்தில் சரியான சூத்திரம் கணினியில் பிழையாகலாம்.
• ஓர் எண்ணுக்கு மட்டும் செய்யப்படும் விதிவிலக்கு திருத்தமாகாது.

பயிற்சி வினாக்கள்

1. நான்கு பிற்றுப் பொறியில் 4 இற்கும் 8 இற்கும் இடையில் அடுத்துள்ள இரு எண்களின் இடைவெளி யாது?
(1) 1/8 (2) 1/4 (3) 1/2 (4) 1 (5) 2

2. அதே பொறியில் புளோர் (அ + 0.5) எனும் சூத்திரத்துக்கு அ = 13 எனத் தரப்பட்டால் விடை யாது?
(1) 12 (2) 13 (3) 13.5 (4) 14 (5) 16

3. பின்வரும் கூற்றுக்களில் சரியானது எது?
(1) 0.1 இன் துவித வடிவம் முடிவுள்ளது.
(2) 64 பிற்று வடிவில் எல்லா எண்களுக்கும் இடைவெளி சமன்.
(3) கழித்தல் முறையில் மீ ஐக் கணிக்கும்போது நேர் எண்களுக்கு மட்டந்தட்டல் நிகழாது.
(4) பைதனில் 2.5 இற்கு 2 கிடைப்பது நூலக வழுவாகும்.
(5) ஜாவா 7 இன் திருத்தம் பெரிய ஒற்றை எண்களின் வழுவையும் நீக்கியது.

4. (அ) 0.4375 ஐத் துவிதத்தில் எழுதி, அதற்கு வழுவுள்ள சூத்திரமும் சரியான விடையையே தரும் எனக் காட்டுக.
(ஆ) கழித்தல் முறையால் 11 ஐ மட்டந்தட்டிக் காட்டுக.
(இ) 0.5 இற்குப் பதிலாக 15/32 ஐக் கூட்டலாம் என மாணவர் ஒருவர் முன்மொழிகின்றார். நான்கு பிற்றுப் பொறியில் 15/32, 1/2, 9 ஆகியவற்றுக்கு இதைச் சோதிக்க. இம்மூன்று சோதனைகளும் போதுமா?

5. ஐந்து பொருளுண்டான பிற்றுகளைக் கொண்ட பொறியில் வழுவுள்ள சூத்திரம் எத்தனை நேர் எண்களுக்குப் பிழையான விடை தரும்? 53 பிற்றுகளுக்கு எத்தனை?

விடைகள்

1. (3)

2. (4). 1101.1 ஆனது 1101, 1110 ஆகியவற்றுக்குச் சரிநடுவில் உள்ளது. 1110 = 14.

3. (3)

4. (அ) 0.4375 = (0.0111)₂. 0.0111 + 0.1000 = 0.1111. நான்கு பிற்றுகளே உள்ளமையால் மட்டந்தட்டல் இல்லை. புளோர் 0 ஐத் தரும்.
(ஆ) மு = 11, மீ = 11 − 11 = 0. இது 0.5 இலும் சிறிது. விடை 11.
(இ) 15/32 + 15/32 = 30/32 = (0.1111)₂, திருத்தமானது, விடை 0. 1/2 + 15/32 = 31/32, சரிநடுவில் விழுந்து 1 ஆகும்; விடை 1. 9 + 15/32 ஆனது 9 இற்கே அண்மையில் உள்ளது; விடை 9. மூன்றும் சரி. ஆயினும் மூன்று எண்கள் போதா. பொறியிலுள்ள எல்லா எண்களையும் சோதிக்க வேண்டும், அல்லது எல்லாவற்றுக்கும் பொருந்தும் என நிறுவ வேண்டும். அத்துடன் விதி 2 மாற்றப்பட்டால் 1/2 இற்கான விடையும் மாறக்கூடும் எனக் குறிப்பிடுவோர் முழுப் புள்ளியும் பெறுவர்.

5. 1/2 இற்குச் சற்றுக் கீழுள்ள எண் ஒன்று. 16 முதல் 32 வரையுள்ள ஒற்றை எண்கள் எட்டு. மொத்தம் 9. 53 பிற்றுகளுக்கு 2⁵¹ + 1.

பரீட்சைக்குரிய அறிவுறுத்தல்: இவ்வகை வினாக்களில் இறுதி விடையை மட்டும் எழுதாதீர்கள். மட்டந்தட்டல் நிகழும் படியைத் துவிதத்தில் எழுதி, அருகிலுள்ள இரு எண்களையும் குறிப்பிட்டு, எவ்விதியின்படி எது தெரிவு செய்யப்பட்டது எனக் காட்டுங்கள்.